குளிர் நாட்டில் ஜனவரியில் கரண்ட் பில் எகிறுவது ஏன்?

வெயிலான்:
சித்தி மகன் லியோனில் படிக்கிறான். நமக்கு மே மாதம் பில் எகிறுகிற மாதிரி அவனுக்கு ஜனவரியில் எகிறுகிறதாம், அதுவும் ஏசியே இல்லாத வீட்டில். குளிர் நாடு எல்லாவற்றிலும் இப்படித்தானா, இல்லை பிரான்சில் மட்டுமா?

பாரிஸ்காரன்:
வீட்டை எதை வைத்துச் சூடாக்குகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் இங்கே வரிசையாக அணு உலைகளைக் கட்டினார்கள், மின்சாரம் தாராளமாகக் கிடைக்கவே வீடுகளில் சுவரோரமாக மின்சார ஹீட்டரை மாட்டிவிட்டார்கள், இன்றைக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீடு அப்படித்தான். குளிர்காலத்தில் 1 டிகிரி இறங்கினால் நாட்டின் மின் தேவை சுமார் 2,400 மெகாவாட் ஏறும். கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் சேர்ந்தே 2,000தான்! 2012 பிப்ரவரி 8, கடுங்குளிர், மாலை 7 மணி, எல்லோரும் வீடு திரும்பி விளக்கு, மின் அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் போட்ட நேரத்தில் அந்தத் தேவை சுமார் 1,02,000 மெகாவாட்டைத் தொட்டது.

பக்கத்து இங்கிலாந்தில் பெரும்பாலும் கேஸ் பாய்லர். அங்கே குளிரின் செலவு கேஸ் பில்லில் தெரியும்.

ஹூஸ்டன் ராஜா:
டெக்சாஸில் எங்களுக்கு இரண்டு பக்கமும் அடி. ஆகஸ்டில் ஏசி, குளிர் அலை வந்தால் ஹீட்டர். இங்கே பல வீடுகளில் ஹீட் பம்ப், அதாவது ஏசியையே தலைகீழாக ஓட்டி வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுப்பது. சாதாரணக் குளிரில் சிக்கனம். உறைநிலைக்குக் கீழே போனால் திணறும், உடனே உள்ளே இருக்கும் ஹீட்டர் காயிலும் சேர்ந்து எரியும், அப்புறம் மீட்டர் நிற்காது. 2021 பிப்ரவரியில் தேவை இப்படி ஏறிய அதே நேரத்தில் கேஸ் கிணறுகளும் மின் நிலையங்களும் உறைந்து முடங்க, லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

மீட்டர் மாமா:
தமிழ்நாட்டில் மின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் வரை போனது. பகல் வெயிலை விட ராத்திரிப் புழுக்கம்தான் வீட்டு பில்லுக்கு எமன். வெளியே சூடு இறங்காவிட்டால் ஏசி கம்ப்ரசர் கட் ஆகாமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஃபிரிட்ஜும் அப்படித்தான். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடும், பில் ஒரே தாவாகத் தாவுவது அதனால்தான்.

வெயிலான்:
நன்றி மாமா. பையனைக் கேட்டேன், ஹீட்டரை 24ல் வைத்திருக்கிறானாம்!

பாரிஸ்காரன்:
19 போதும், அரசாங்கமே அதைத்தான் சொல்கிறது. 1 டிகிரி குறைத்தால் சூடாக்கும் செலவில் சுமார் 7 சதவீதம் மிச்சம். ஸ்வெட்டர் போடச் சொல்லுங்கள்.