பாம்பன் வீடு குழு: வாளியில் ஒரு சிறகு மீன்

அந்தோணி சித்தப்பா (காலை 7:10): [படம்] கரைவலையில் வந்தது. விரல் நீளம்தான். உடம்பெல்லாம் கெட்டி ஓடு, இரண்டு பக்கமும் சிறகு. உயிர் இருக்கிறது, வாளியில் கடல் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். ரோஸி அக்கா, இது என்ன?

ஜெனி: சித்தப்பா தொடாதீர்கள், விஷமாக இருக்கப் போகிறது

ரோஸி அத்தை: விஷம் இல்லை ஜெனி. கடிக்கவும் முடியாது, வாயில் பல்லே கிடையாது. தம்பி, முதலில் வாளியை நிழலில் வை. தண்ணீர் சூடாகக் கூடாது.

ரோஸி அத்தை: கடல் அந்துப்பூச்சி என்று சொல்கிற மீன், பெகாசஸ் குடும்பம். மூக்கு குட்டையாக, உடம்பு அகலமாக இருப்பதைப் பார்த்தால் யூரிபெகாசஸ் டிராகோனிஸ் என்று நினைக்கிறேன். 10 செ.மீ. அளவுக்குத்தான் வளரும். கடல்குதிரைக்குச் சொந்தம்.

ஸ்டீபன் அண்ணன்: சிறகு இருக்கிறதே, பறக்குமா அத்தை?

ரோஸி அத்தை: பறக்காது. நீந்துவதே குறைவு. எலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி உடம்பை மூடியிருப்பதால் அதை வளைக்க முடியாது. வால் மட்டும் வளையம் வளையமாக இருக்கும், அதுதான் அசையும். அதனால் மணலில் நடந்தே வாழ்கிறது. வயிற்றுப் பக்கம் மெல்லிய துடுப்பு இரண்டு இருக்கும் பார், அவைதான் கால்.

அந்தோணி சித்தப்பா: ஆமாம் அக்கா, வாளி அடியில் நடக்கிறது! ஆனால் முதுகில் தோல் உரிந்து தொங்குகிறது. வலையில் உரசிவிட்டதோ, பிழைக்காதோ?

ரோஸி அத்தை: பயப்படாதே. பாம்பு சட்டை உரிப்பது போல இதுவும் தோலை ஒரே துண்டாகக் கழற்றும், அதுவும் சில நாட்களுக்கு ஒருமுறை. இவ்வளவு மெதுவாகத் திரிகிற உடம்பில் பாசி, சின்னச் சின்ன உயிர்கள் எல்லாம் ஏறிவிடும். தோலோடு அவையும் போய்விடும். எனக்கு இந்த மீனில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஸ்டீபன் அண்ணன்: என் மீன் தொட்டிக்கு எடுத்து வரவா?

ரோஸி அத்தை: வேண்டாம் கண்ணா, பட்டினியில் செத்துவிடும். மணலில் இருக்கும் குட்டிப் புழு, நுண்ணிய இறால் வகைகளைத் தேடிப் பொறுக்கித் தின்கிற மீன். கடைத் தீவனத்தைப் பெரும்பாலும் தொடாது.

பெரியம்மா: அப்போது காயவைத்து ஷோகேஸில் வைக்கலாமே, அழகாக இருக்கிறது

ரோஸி அத்தை: அண்ணி, தயவு செய்து வேண்டாம். சீன மருந்துக்கென்று ஏற்கெனவே இதைக் காயவைத்து விற்கிறார்கள். நாமும் சேர வேண்டாம்.

ரோஸி அத்தை: தம்பி, ஒன்றுதான் வந்ததா? பெரும்பாலும் ஆணும் பெண்ணும் ஜோடியாகவே இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து தரையை விட்டு மேலே எழும்பி முட்டையிடும், முட்டை நீரில் மிதந்து போகும்.

அந்தோணி சித்தப்பா: பொறு, பார்க்கிறேன்

அந்தோணி சித்தப்பா (7:31): இன்னொன்று சங்காயக் குவியலில், அதான் விலை போகாத கழிவு மீன் குவியலில், கிடந்தது அக்கா. செவுள் அசைகிறது. இதே வாளியில் போட்டுவிட்டேன்.

ரோஸி அத்தை: ரொம்ப நல்லது. இரண்டையும் சேர்த்தே விடு. கரையில் நின்று வீசாதே. வள்ளத்தில் கொஞ்சம் உள்ளே போய், கடற்புல்லும் மணலும் இருக்கிற இடத்தில் வாளியைத் தண்ணீருக்குள் சாய்த்து விடு.

ஜெனி: அவ்வளவு கெட்டி ஓடு இருந்தும் வலையில் மாட்டிக்கொள்கிறதே அத்தை

ரோஸி அத்தை: ஓடு பெரிய மீனின் வாயிலிருந்து காப்பாற்றும். ஆபத்து வந்தால் இது ஓடாது. மணல் நிறத்துக்கு மாறி அசையாமல் கிடக்கும். தரையை வாரிக்கொண்டு வரும் விசைப்படகின் இழுவை வலைக்கு முன்னால் அப்படிக் கிடந்தால் தப்பவே வழியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகு போகாத 61 நாள்தான் கொஞ்சம் நிம்மதி. மற்ற மாதங்களில் சங்காயத்தோடு சேர்ந்து கோழித் தீவனத்துக்குப் போகிறது. கடல்குதிரைக்கு 2001 முதல் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் அதையாவது கண்டால் விடுகிறார்கள். இதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அதுதான் எனக்கு வேதனை.

அந்தோணி சித்தப்பா (8:20): விட்டாச்சு. இரண்டும் சிறகை விரித்தபடி கீழே இறங்கின. நாளையிலிருந்து வலையின் மடியை (மீன் சேரும் பையை) மணலில் கொட்டும் முன், தண்ணீரில் இருக்கும்போதே இவற்றைப் பொறுக்கி விடச் சொல்லிப் பையன்களிடம் பேசிவிட்டேன்.

ரோஸி அத்தை: அருமை தம்பி. அடுத்த முறை விடுவதற்கு முன் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடு. தேதி, இடம், எவ்வளவு ஆழம் என்பதையும் எழுதி அனுப்பு, நான் சேர்த்து வைக்கிறேன்.