பில் மெயில் மட்டும் ஸ்பேமுக்குப் போகிறது (டெபியன் 12, போஸ்ட்ஃபிக்ஸ்): உதவி தேவை

தறிக்கடை:
வணக்கம். அப்பாவுக்குத் தறி உதிரிபாகக் கடை. மாதம் பிறந்தால் 200 பேருக்கு மேல் பில் மெயிலில் போக வேண்டும். இரண்டு மாதமாக வாடகை விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஒன்றில் சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கிறேன்: டெபியன் 12 (லினக்ஸ்), போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் அனுப்பும் நிரல்), ஓப்பன்டிகிம் (மெயிலில் டிகிம் கையெழுத்துப் போடும் நிரல்). மெயில் எங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப் (எந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (கையெழுத்து), டிமார்க் (அவை ஃப்ரம் முகவரியோடு பொருந்த வேண்டும் என்ற விதி) மூன்றும் டிஎன்எஸ்ஸில் இருக்கின்றன. தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலிலிருந்து என் ஜிமெயிலுக்கு அனுப்பினால் இன்பாக்ஸில் விழுகிறது. மெயிலுக்கு மதிப்பெண் போடும் தளத்தில் பத்துக்குப் பத்து. பில்கள் மட்டும் ஸ்பேமில். சிலருக்கு ஸ்பேமிலும் இல்லை. "பில்லே வரலையே தம்பி" என்று பாதிப் பேர் பணம் கட்டவில்லை, அப்பா என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

பில் அனுப்புவது ஒரு பிஎச்பி நிரல், அதே சர்வரில் ராத்திரி க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக) ஓடுகிறது. பிளாக்லிஸ்ட்களில் தேடினேன், எங்கள் ஐபி எதிலும் இல்லை.

பழைய மோடம்:
எஸ்பிஎஃப் கடைசியில் டில்டே ஆல் (பட்டியலில் இல்லாத சர்வரைச் சந்தேகி) இருந்தால் மைனஸ் ஆல் (மறுத்துவிடு) போடுங்கள். சரியாகவில்லை என்றால் விபிஎஸ்காரர்களிடம் வேறு ஐபி கேளுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

இரவுப்பணி:
ஐபியை மாற்றாதீர்கள். தண்டர்பேர்ட் மெயிலும் அதே ஐபியிலிருந்துதானே போகிறது? அது இன்பாக்ஸில் விழும்போது ஐபி மேல் என்ன பழி? புது ஐபி என்றால் நல்ல பேரையும் முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும்.

சோதனை மெயிலை விடுங்கள். ஸ்பேமுக்குப் போன ஒரு பில்லையே எடுத்து அதன் முழு ஹெடரை (மெயிலோடு வரும் மறைவான விவர வரிகளை) பாருங்கள். இரண்டு வரி போதும்: ரிட்டர்ன் பாத், ஆத்தென்டிகேஷன் ரிசல்ட்ஸ்.

தறிக்கடை:
நன்றி அண்ணா. ரிட்டர்ன் பாத்தில் பில்லிங் முகவரி இல்லை, வெப்சர்வர் ஓடும் யூனிக்ஸ் பயனரின் பெயர், அட், மெயில் என்று தொடங்கும் எங்கள் சர்வர் பெயர். எஸ்பிஎஃப்: நன் (எதுவும் இல்லை). டிகிம் என்ற வார்த்தையே இல்லை. டிமார்க்: ஃபெயில்.

இன்னொன்று. மைனஸ் ஆல் வரியை நேற்றே சேர்த்துவிட்டேன். இப்போது தண்டர்பேர்ட் மெயிலிலும் எஸ்பிஎஃப் பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை) என்று வருகிறது.

இரவுப்பணி:
அண்ணா இல்லை, அக்கா.

பெர்ம்எரரை முதலில் முடிப்போம். பழைய வரியைத் திருத்தாமல் புதிதாக ஒன்று சேர்த்திருப்பீர்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் எதையும் தேர்ந்தெடுக்காது, பிழை என்று சொல்லிவிடும். ஒன்றை அழியுங்கள். டில்டேவா மைனஸா என்பது உங்கள் சிக்கலுக்குச் சம்பந்தமே இல்லை.

இப்போது பில். உங்கள் சர்வரிலிருந்து மெயில் இரண்டு வாசல் வழியாக வெளியே போகிறது. தண்டர்பேர்ட் 587 போர்ட்டில் லாகின் செய்து எஸ்எம்டிபி வழியாக வருகிறது. பிஎச்பியின் மெயில் ஃபங்ஷன் அந்தப் பக்கமே போகாது, சென்ட்மெயில் கட்டளையைக் கூப்பிட்டு மெயிலை நேராக வரிசையில் போட்டுவிடும். போஸ்ட்ஃபிக்ஸில் ஓப்பன்டிகிமை இணைக்கிற எஸ்எம்டிபிடி_மில்டர்ஸ் என்ற அமைப்பு முதல் வாசலுக்கு மட்டும்தான். இரண்டாவதற்கு நான்_எஸ்எம்டிபிடி_மில்டர்ஸ் என்று தனியாக உண்டு. (கோப்பில் ஆங்கிலத்தில் போடுங்கள், இங்கேதான் தமிழ்.) அது காலியாக இருக்கும். அதனால்தான் பில்லில் டிகிம் கையெழுத்தே விழவில்லை.

எஸ்பிஎஃப் ஏன் நன்? பெறுகிறவர் ஃப்ரம் வரியைப் பார்த்து எஸ்பிஎஃப் தேடுவதில்லை, உறை மேல் இருக்கும் அனுப்புநர் முகவரியைப் பார்க்கிறார். அதுதான் ரிட்டர்ன் பாத். அங்கே இருப்பது சர்வர் பெயர். எஸ்பிஎஃப் போட்டது டொமைனுக்கு, மெயில் என்ற சப்டொமைனுக்குப் போடவில்லை. எஸ்பிஎஃப் மேலிருந்து கீழே இறங்காது.

ஆக ஒரு அடையாளமும் இல்லாமல் பில் போய் நிற்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஒரு நாளைக்கு 5000 மெயில் அனுப்புகிறவர்களுக்குத்தான் இரண்டும், டிமார்க்கும் கட்டாயம்.

செய்ய வேண்டியது: பிஎச்பிமெயிலர் போல ஒரு லைப்ரரி போட்டு, பில்லிங் முகவரியில் 587 வழியாக லாகின் செய்து அனுப்புங்கள். ரிட்டர்ன் பாத், டிகிம் இரண்டும் ஒரே அடியில் சரியாகும். நான்_எஸ்எம்டிபிடி_மில்டர்ஸையும் நிரப்பி வையுங்கள், நாளைக்கு வேறு ஏதாவது நிரல் அந்த வாசலில் வரும்.

அப்புறம் "ஸ்பேமிலும் இல்லை" என்றீர்களே. வார் அடைவுக்குள் மெயில் அடைவில் அந்த வெப்சர்வர் பயனர் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா பாருங்கள்.

தறிக்கடை:
மன்னிக்கவும் அக்கா. இருக்கிறது!! உள்ளே திரும்பி வந்த மெயில் முப்பதுக்கு மேல். எல்லாவற்றிலும் 550, 5.7.25. இரண்டு மாதமாக இங்கே சேர்ந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. ஐபி இருக்க வேண்டிய இடத்தில் முக்காற்புள்ளியாக நீளமான எண்.

கல்லூரி லேப்:
அது ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி). 5.7.25 என்றால் அனுப்பும் ஐபிக்கு பிடிஆர் (ஐபியிலிருந்து சர்வர் பெயரைக் காட்டும் பதிவு) இல்லை என்று ஜிமெயில் திருப்பி அனுப்புகிறது. ஐபிவி4க்கு பிடிஆர் வைத்திருப்பீர்கள், 6க்கு வைத்திருக்க மாட்டீர்கள். போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டு வழியிலும் அனுப்பும், சில மெயில் இதில், சில அதில். அதனால்தான் சிலருக்கு மட்டும் போகவே இல்லை.

பிடிஆரை உங்கள் டிஎன்எஸ்ஸில் போட முடியாது, ஐபி கொடுத்தவர்களின் பேனலில்தான் வைக்க வேண்டும். பிடிஆர் காட்டும் பெயர் திரும்ப அதே ஐபியைக் காட்ட வேண்டும். இப்போதைக்கு வேண்டாம் என்றால் போஸ்ட்ஃபிக்ஸில் ஐநெட்_புரோட்டோகால்ஸை ஐபிவி4 என்று மாற்றுங்கள். இதற்கு ரீலோட் போதாது, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும். எனக்கு இதிலேயே ஒரு மாலை போனது.

பழைய மோடம்:
அப்போது எனக்கு ஐபி மாற்றியதும் சரியானது பிடிஆரால்தானோ? புது ஐபிக்கு அவர்களே வைத்துக் கொடுத்தார்கள்.

இரவுப்பணி:
இருக்கலாம் 🙂

தறிக்கடை, மில்டர்_டிஃபால்ட்_ஆக்ஷன் அக்செப்ட் என்று இருக்கிறதா? இருந்தால் ஓப்பன்டிகிம் செத்துக் கிடந்தாலும் மெயில் கையெழுத்து இல்லாமல் சத்தம் போடாமல் போய்விடும். டெம்ப்ஃபெயில் போட்டால் வரிசையில் காத்திருக்கும். பில்லுக்கு அதுதான் நல்லது. 200 பில்லையும் ஒரே நிமிடத்தில் கொட்டாமல், நடுவில் சில நொடி இடைவெளி விடுங்கள்.

தறிக்கடை:
எல்லாம் செய்தேன். பில்லிலேயே சோதித்தேன்: எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் பாஸ். முதல் இரண்டு நாள் அப்படியும் சிலருக்கு ஸ்பேமில்தான் விழுந்தது. தெரிந்த வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, ஸ்பேம் இல்லை என்று அழுத்தச் சொன்னேன்.

நேற்று ஒன்றாம் தேதி. 214 பில் போனது, மூன்று திரும்பியது, மூன்றும் முகவரி தப்பு. இந்த முறை பில்லிங் பெட்டிக்கே திரும்பி வந்ததால் உடனே தெரிந்தது. காலையில் ஒரு வாடிக்கையாளர் கடைக்கே வந்துவிட்டார், "மூணு மாச பாக்கியையும் ஒரே பில்லில் போட்டால் எப்படித் தம்பி கட்டுவது" என்று.