பொருள்: புல்டாக்கின் முகத்துக்கு ஒரு சொல் (திங்களுக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். புல்டாக் வளர்ப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பிராக்கிசெபாலிக்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கிரேக்கத்தில் 'குறுகிய தலை' என்று பொருள். குறுமை + தலை = குறுந்தலை என்று எழுதியிருக்கிறேன். குறுந்தொகை துணைக்கு இருப்பதால் புணர்ச்சியில் குற்றம் காண மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 'டெம்பரமென்ட்' என்பதற்குக் 'குணம்' போதுமா?

தமிழாசிரியர்:
புணர்ச்சி சரி. ஆனால் குணம் வடசொல். 'இயல்பு' என்று எழுதுங்கள். புல்டாக் என்பதை மட்டும் ஏன் அப்படியே விட்டீர்கள்? காளையை அடக்கிய நாய்தானே! முல்லைத் திணைக்கு, காளையை அடக்கும்போது கொட்டும் ஏறுகோட்பறை உண்டு. 'ஏறுகோள் ஞமலி' என்றால் என்ன குறை?

கால்நடை மருத்துவர்:
ஐயா, முல்லைக்கலியில் ஏறு தழுவியவன் மனிதன். இங்கிலாந்தில் நடந்தது வேறு: கட்டிப்போட்ட காளையின் மூக்கைக் கவ்வித் தொங்க நாயை ஏவினார்கள். 1835இல் அதற்குச் சட்டமே தடை போட்டது. அதன் பிறகு கடுமை குறைந்த நாய்களையே தேர்ந்து இனம் பெருக்கினார்கள். இன்று 25 கிலோ எடையில், முகம் முழுக்கச் சுருக்கத்தோடு, பார்க்க முரடாகவும் பழகப் பரமசாதுவாகவும் இருக்கிற நாய்க்குப் பழைய வீரப்பட்டம் எதற்கு? பிடிவாதம் மட்டும் மிச்சம் இருக்கிறது.

என் கவலை 'குறுந்தலை'. படிப்பவர் சிறிய தலை என்றே எடுத்துக்கொள்வார். காதுகளுக்கு முன்னால் அளந்தால் மண்டையின் சுற்றளவு தோள் உயரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது அமெரிக்க இனத்தரம். அவ்வளவு பெரிய தலை என்பதால்தான் பல குட்டிகளை அறுவை செய்து எடுக்கிறோம். குறுகியது தலை அன்று, மூஞ்சி. எலும்பு குறுகினாலும் உள்ளே இருக்கும் சதை குறுகவில்லை. மூக்குத் துளை இடுங்கி, மேல்வாயின் பின்பகுதியான மெல்லண்ணம் நீண்டு மூச்சுக்குழலின் வாயை மறைக்கிறது. நாய் தன் உடல் சூட்டை இரைத்துத்தான் தணிக்க வேண்டும். இதற்கு அதுவே முடியவில்லை. வளர்ப்பவர் அந்தக் குறட்டையை அழகு என்று ரசிக்கிறார். ஆகவே 'குறுமூஞ்சி'.

இலக்கண ஆர்வலர்:
மெல்லண்ணம் எதற்கு? 'ககார ஙகாரம் முதல்நா அண்ணம்' என்று தொல்காப்பியர் அந்த இடத்தைச் சொல்லிவிட்டாரே. 'முதலண்ணம்' என்று கொள்ளலாம். புல்டாக்கின் குறட்டையும் ஏறக்குறைய ஙகாரம்தான்!

தமிழாசிரியர்:
நூற்பாவைச் சரியாகப் பிரியுங்கள் தம்பி. 'முதல்' (அடிப்பகுதி) நாவுக்கு அடை, அண்ணத்துக்கு அன்று. அடுத்து வரும் 'இடைநா', 'நுனிநா' இரண்டையும் பாருங்கள். முதலண்ணம் நிற்காது. அதைவிடக் கொடுமை 'மூஞ்சி'. அது வசைச்சொல். அச்சில் ஏற்றலாமா? குறுமுகம் என்று எழுதுங்கள்.

கால்நடை மருத்துவர்:
மனிதனைச் சொன்னால் வசை. நாய்க்கு அதுதான் உறுப்பின் பெயர். முகம் என்றால் கண்ணும் நெற்றியும் சேர்ந்துவிடும். முன்னால் நீண்டிருக்க வேண்டிய பகுதிக்கு வேறு எளிய சொல் இருந்தால் தாருங்கள், நான் விலகிக்கொள்கிறேன். தவிர, முகமும் வடசொல் என்று நாளைக்கு நீங்களே எழுதுவீர்கள்.

இலக்கண ஆர்வலர்:
முகம் தமிழே! முகப்பு, முகடு, முகில், முகை எல்லாம் ஒரே வேர். விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
தயவுசெய்து திங்களுக்குப் பிறகு எழுதுங்கள். 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்று வள்ளுவரே சொன்னதால் குணம் அப்படியே இருக்கிறது. குழுவில் குறுமூஞ்சிக்கு நான்கு பேர், குறுமுகத்துக்கு இரண்டு பேர். குறுந்தலைக்கு இப்போது நானும் இல்லை. குறுமூஞ்சி என்றே அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். உங்கள் வரைவில் 'ஸ்க்ரூ டெயில்' என்பதைத் 'திருகாணி வால்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதுகெலும்புக் கோளாற்றால் சுருண்ட வால் அது. ஆணி எங்கிருந்து வந்தது?