விழுந்த மரத்தில் குடியிருப்பவை: பின்லாந்துக் காட்டில் நாங்கள் கண்டவை

யுவாஸ்கிலாவிலிருந்து:

பின்லாந்தில் இருக்கும் நம்மவர்களிடம், வடக்குக் காடுகளில் நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள் என்று கேட்டது நான்தான். அதனால் நானே தொடங்குகிறேன்.

இங்கே முதுகலை படித்தபோது எனக்குக் கிடைத்த முதல் கோடைகால வேலை, செத்த மரங்களை எண்ணுவது. கையில் அளவு நாடா, நோட்டு, ஒரு கத்தி. விழுந்து கிடக்கும் ஒவ்வொரு மரத்தின் நீளத்தையும் விட்டத்தையும் குறிக்க வேண்டும். அப்புறம் கத்தியைக் குத்திப் பார்க்க வேண்டும். சில மில்லிமீட்டர் மட்டும் இறங்கினால் முதல் நிலை, அண்மையில் செத்த மரம். ஓரிரு சென்டிமீட்டர் இறங்கினால் இரண்டாம் நிலை. மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் என்றால் மூன்றாம் நிலை. கத்தியின் அலகு முழுவதும் உள்ளே போனால் நான்கு. கையால் பிசைந்தாலே உதிர்ந்தால் ஐந்து. முதலில் வெறும் கணக்காகத்தான் தெரிந்தது. ஒரு மாதம் போனபின், மரம் செத்த பிறகு வாழும் நீண்ட வாழ்க்கையின் ஐந்து பருவங்கள் இவை என்று புரிந்தது.

முதல் இரண்டு வாரம் மரவெட்டுக்காக வளர்க்கும் காட்டில் வேலை. எல்லா மரமும் ஒரே வயது, ஒரே உயரம், தரையில் பச்சைப் பாசி மெத்தை. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நாள் முழுக்க நடந்தாலும் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பவில்லை. அடுத்து ப்யுஹா-ஹாக்கி தேசியப் பூங்காவுக்குப் போனோம். 1956இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட பழங்காடு. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடக்கின்றன. பட்டை உதிர்ந்து வெள்ளி நிறமாகிப்போன பைன் மரங்கள் செத்த பிறகும் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றை இங்கே ‘கெலோ’ என்பார்கள். காலை முழுவதும் வேலை செய்தும் ஐம்பது மீட்டர்கூட நகரவில்லை. அடிப்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும் ஒரு மரக்காளானை ஒரு பழைய ஸ்ப்ரூஸ் கட்டையில் பார்த்தபோது, கூட வந்த ஆய்வாளர் அப்படியே மண்டியிட்டுவிட்டார். பழங்காட்டின் அடையாளமாகக் கருதப்படும் காளான் அது. மரவெட்டுக் காட்டில் கழித்த அந்த இரண்டு வாரத்தில் ஒருமுறைகூட நாங்கள் அதைப் பார்த்திருக்கவில்லை.

கணக்கைச் சொல்கிறேன். பின்லாந்தின் தென்பாதியில் இயற்கையான காட்டில் ஹெக்டேருக்கு 60 முதல் 120 கனமீட்டர் செத்த மரம் இருக்கும். வெட்டி வளர்க்கும் காட்டில் சுமார் 5 கனமீட்டர்தான். இந்த நாட்டில் 4,000 முதல் 5,000 உயிரினங்கள் செத்த மரத்தை நம்பி வாழ்கின்றன. வண்டு, காளான், பாசி எல்லாம் சேர்த்து, காட்டு உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று.

இதையெல்லாம் எனக்கு ஒரே கோட்டில் கோத்துக் காட்டியவர் இல்க்கா ஹான்ஸ்கி. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்துச் சூழலியலாளர், 2011இல் கிராஃபோர்ட் பரிசு பெற்றவர், 2016இல் மறைந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை, கட்டுரைகள் வழியாகத்தான் பழக்கம். 1979இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் முனைவர் பட்டம் பெற்றது சாணி வண்டுகளைப் பற்றி. யோசித்துப் பாருங்கள், ஒரு வண்டுக்கு ஒரு சாணிக் குவியல் ஒரு தீவு. அது காய்வதற்குள் குஞ்சு வளர வேண்டும், அடுத்த குவியலைத் தேடிப் பறக்க வேண்டும். விழுந்த மரமும் அப்படித்தான். தீவு மெல்லக் கரைகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அது ஐந்தாம் நிலைக்குப் போய் மண்ணாவதற்குள், பறந்தோ காற்றில் வித்தாக மிதந்தோ எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இன்னொரு மரம் விழுந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இனத்தின் கதை அந்தக் கட்டையோடு முடிந்தது.

அவர் விடாமல் பேசிய இன்னொன்று ‘அழிவுக் கடன்’. காட்டை வெட்டிய அன்றே எல்லாம் அழிந்துவிடாது. எஞ்சிய சில கட்டைகளில் உயிரினங்கள் சில காலம் தாக்குப்பிடிக்கும். கணக்கெடுத்தால் ‘இருக்கிறது’ என்றே வரும். ஆனால் போய்ச்சேர அடுத்த வீடு இல்லை. கடன் ஏறிவிட்டது, வசூல் பின்னால்தான். எங்கள் நோட்டில் ‘ஒரே ஒரு மரம்’ என்று எழுதிய இடங்களை இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது.

எஸ்போவிலிருந்து:

அக்கா, நீங்கள் சொன்ன தீவுக் கணக்கு என் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. எஸ்போ பெரிய நகரம்தான், ஆனால் அடுக்குமாடிகளுக்கு இடையில் ஸ்ப்ரூஸும் ஆஸ்பென் என்ற இலையுதிர் மரமும் கலந்த காட்டுத் துண்டுகள் உண்டு. அங்கே பறக்கும் அணில் வாழ்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பின்லாந்திலும் எஸ்தோனியாவிலும் மட்டுமே இருக்கும் விலங்கு.

நான்கு ஆண்டுகளில் அணிலை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். இரவு நடமாடும் விலங்கு என்பதால் ஆய்வாளர்களும் அதைத் தேடுவதில்லை, புழுக்கையைத் தேடுகிறார்கள். பனி உருகும் வசந்தத்தில் பெரிய மரங்களின் அடியில் மஞ்சளாக, அரிசி மணி அளவில் கிடக்கும். ஒரு ஏப்ரலில் பக்கத்து வீட்டு அம்மா கூட்டிப்போய்க் காட்டினார். குனிந்து பார்த்தால் ஆஸ்பெனின் அடிமரத்தைச் சுற்றி, நெல் உலர்த்திய களத்தில் மிச்சம் சிந்தியதுபோல் கிடந்தது. மேலே மரங்கொத்தி குடைந்த பொந்து, அதுதான் அணிலின் வீடு. அது ஒரே தாவலில் பல பத்து மீட்டர் சறுக்கும். நடுவில் மரமில்லாத அகலமான சாலை வந்துவிட்டால் அந்தப் பக்கம் போக முடியாது. அதனால் அது குடியிருக்கும் மரங்களை அழிக்கக் கூடாது என்பது மட்டும் போதாது, இரண்டு துண்டுகளுக்கு இடையில் உயரமான மரவரிசையும் நிற்க வேண்டும். அந்த ஏப்ரலுக்குப் பிறகு, சாலையோரத்தில் ஒரு பிர்ச் மரத்தை வெட்டினாலும் அது எந்தத் துண்டை எந்தத் துண்டோடு இணைத்தது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஓலாண்ட் தீவுகளிலிருந்து:

சுருக்கமாகச் சொல்கிறேன். ஹான்ஸ்கி பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. இங்கே சுமார் 4,000 சின்னப் புல்வெளிகளில் ஒரே வகை வண்ணத்துப்பூச்சியை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். அவர் 1990களின் தொடக்கத்தில் தொடங்கிவைத்த வேலை. நான் ஒரு பருவம் போனேன். கோடை முடிவில் கம்பளிப்புழுக்கள் சேர்ந்து வெள்ளைப் பட்டுக்கூடு கட்டி, அதற்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். முழங்கால் போட்டுச் செடி செடியாகத் தேட வேண்டும். சென்ற ஆண்டு இருந்த இடம் இந்த ஆண்டு காலி, காலியாக இருந்த இடத்தில் புதிதாக ஒரு கூடு. அந்தக் கூட்டைக் கண்ட நிமிடம் என் விரல் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

குவோப்பியோவிலிருந்து:

தங்கச்சி, இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக் காட்டில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு குடும்பங்களுக்குச் சொந்தம். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான பெரியவரிடமும் கொஞ்சம் உண்டு. விழுந்த மரத்தை அப்படியே விடுங்கள் என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. காற்றில் விழுந்த புது ஸ்ப்ரூஸ் நிறையக் கிடந்தால் பட்டை வண்டு பெருகி உயிர்மரத்தையும் தின்றுவிடும். ஓர் அளவுக்கு மேல் அகற்ற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவர் பயம் நியாயமானது. அப்புறம் நான் படித்துச் சொன்னேன்: பழைய, பட்டை உதிர்ந்த கட்டையில் அந்த வண்டு வளராது, அதை விட்டுவைப்பதால் ஆபத்து இல்லை. 2008இல் தொடங்கிய மெட்சோ திட்டத்தில், விருப்பப்படும் உரிமையாளர் தன் காட்டைப் பாதுகாப்புக்குக் கொடுத்து ஈட்டுத்தொகை வாங்கலாம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. ஹான்ஸ்கியின் ஒரு யோசனையையும் சொன்னேன்: நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தேர்ந்து, அதற்குள் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முழுதாகப் பாதுகாத்தால், காப்பாற்றும் துண்டுகள் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும். நாடு முழுக்கத் தூவினாற்போல் துண்டு துண்டாகக் காப்பதைவிட அது பலன் தரும். பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஏரிக்கரையோரம் இருக்கும் மூலையைக் காட்டி, “அது என் அப்பா காலத்திலிருந்து தொடாத இடம்” என்றார். அங்கே பாசி மூடிய ஒரு ஸ்ப்ரூஸ் கட்டை கிடக்கிறது. அது எந்த நிலை என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

யுவாஸ்கிலாவிலிருந்து:

அண்ணா, பெரியவருக்குச் சம்மதம் என்றால் பனி உருகியதும் மே மாதம் வருகிறேன். நாடாவும் கத்தியும் நான் கொண்டுவருகிறேன். அந்தக் கட்டையை மட்டும் யாரும் புரட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.