காலிபரில் ‘பயணம்’ என்று தேடினால் பாதிப் புத்தகம் வரவில்லை

வெண்ணாற்றங்கரை:
காலிபர் என்ற மின்னூலக மென்பொருளில் 1,400 மின்னூல் சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் மதுரைத் திட்டத்திலும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸிலும் இறக்கியவை. அத்தைக்குக் கண் மங்கிவிட்டதால் இரவில் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அவருக்குப் பயண நூல்கள் என்றால் உயிர். ஆனால் ‘பயணம்’ என்ற டேக்கை, அதாவது பொருளைக் காட்டும் குறிச்சொல்லைத் தேடினால் 11தான் வருகிறது. நாற்பதுக்கு மேல் இருக்க வேண்டும். ‘கதை’ என்று கொடுத்தாலோ சிறுகதை, தொடர்கதை, கதைப்பாடல் எல்லாம் வந்து கொட்டுகிறது. அப்புறம், வாசித்து முடித்தவற்றை ஒதுக்கவும் வழி வேண்டும். போன வாரம் ஒரே புத்தகத்தை இரண்டாம் முறை தொடங்கிவிட்டேன். பாவம், அத்தை ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய நூலகர்:
அம்மா, காலிபர் எழுத்துகளைத்தான் பார்க்கிறது, புணர்ச்சி அதற்குத் தெரியாது. ‘பயணங்கள்’ என்று பன்மையாகும்போது ‘ம்’ போய் ‘ங்’ வந்துவிடுகிறது. ‘பயணக் கட்டுரை’யிலும் ‘ம்’ இல்லை. ‘பயண’ என்று மட்டும் கொடுங்கள், எல்லாம் அகப்படும். ‘கதை’க்கு இதற்கு எதிர்வழி: மேற்கோள் குறிக்குள், சொல்லுக்கு முன்னால் ஒரு சமக்குறி போடுங்கள். அச்சு அசலாக அந்த டேக் உள்ளவை மட்டுமே வரும்.

இந்தக் கலவை உங்கள் தவறில்லை. ஈபப் என்ற மின்னூல் கோப்புக்குள் உருவாக்கியவர் எழுதிய பொருள் வரியைக் காலிபர் அப்படியே டேக்காக எடுத்துக்கொள்கிறது, ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். மேனேஜ் டேக்ஸில் ‘பயணங்கள்’ என்பதை ‘பயணம்’ என்று மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதலில் நூலகத்தை ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒன்றாக்கியதைப் பிரிப்பது பெரும் பாடு. அட்டையில் எழுதிய காலத்திலிருந்தே ஒரு பொருளுக்கு ஒரு தலைப்புதான் என்பதில் நான் கறார்.

ராத்திரி வாசகன்:
அக்கா, ‘வாசித்தது’ என்று ஒரு டேக் போடுங்கள். இடது பக்க டேக் பிரவுசரில் ‘பயணம்’ ஒரு கிளிக், கூட்டல் குறி வரும். ‘வாசித்தது’ இரண்டு கிளிக், கழித்தல் ஆகும். அங்கேயே கன்ஃபிகர் பட்டனில் ‘எல்லாம் பொருந்த வேண்டும்’ என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

பழைய நூலகர்:
தம்பி சொல்வது வேலை செய்யும். ஆனாலும் டேக் என்பது புத்தகம் எதைப் பற்றியது என்று சொல்வதற்கு. வாசித்தோமா என்பதற்கு ஆம், இல்லை என்று பட்டியலில் தனி நெடுவரிசை ஒன்று சேர்ப்பதே நல்லது.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. ‘பயண’ போட்டதும் 43 வந்தது! தனி நெடுவரிசையும் சேர்த்துவிட்டேன். தலைப்புகளை அத்தைக்கு ஒவ்வொன்றாக வாசித்தேன். பதினேழாவதில் கையைப் பிடித்து நிறுத்தினார். இமயமலை. இன்று இரவு அதைத் தொடங்குகிறோம்.