மறு: மறு: ‘வீரத்திருட்டு’ – சரியான சொல் எது?

அனைவருக்கும் வணக்கம்.

அரசியல்வாதிகள் தங்கள் பட்டாளப் பணியைப் பற்றிப் புளுகுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான்கு நாளாக இழை ஓடுகிறது, நான்தான் எட்டிப் பார்க்க முடியவில்லை. உச்சிப்புளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவனுக்கு நவம்பர் என்றால் பென்ஷன்காரர்களின் வாழ்நாள் சான்று மாதம். ரேகை தேய்ந்த விரல்களைத் துடைத்துத் துடைத்து மிஷினில் வைப்பதிலேயே பொழுது போய்விடும். வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். அதனால் இந்தச் சொல்லைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆங்கிலத்தில் ‘ஸ்டோலன் வேலர்’ என்கிறார்கள். நேராக ‘வீரத்திருட்டு’ என்று வைத்தால் என்ன குறை?

தொண்டி ஐயா, குறை இருக்கிறது. வீரமரணம் என்றால் வீரமாகச் செத்தது. அதே வழியில் வீரத்திருட்டு என்றால் வீரமாகத் திருடியது என்றுதான் காதில் விழும். கடையில் நின்ற ஒரு பையனிடம் சொல்லிப் பார்த்தேன். “பேங்க்ல கொள்ளையடிச்சாங்களே, அதாண்ணே?” என்றான். சரி, ‘களவு வீரம்’ என்று திருப்பிப் போடலாமா என்றால் அகத்திணை குறுக்கே வந்து நிற்கிறது; அங்கே களவு என்றால் மறைவான காதல். தோழியும் செவிலியும் இல்லாமல் அந்தச் சொல்லை நம்மால் படிக்க முடியாது.

> ‘போலி வீரர்’ போதும். போலி மருத்துவர், போலி சாமியார் மாதிரி பத்திரிகைக்குப் பழகிய சொல்.

கீழக்கரை அண்ணன் சொன்ன இது பழகிய சொல்தான். ஆனால் பட்டாளத்துக்கே போகாதவருக்கு மட்டும்தான் பொருந்தும். கலிபோர்னியாவில் சேவியர் அல்வாரெஸ் என்று ஒருவர். குடிநீர் வாரிய உறுப்பினர். 2007-இல் ஒரு கூட்டத்தில் எழுந்து, தான் 25 ஆண்டு மரீன் படையில் இருந்ததாகவும் 1987-இல் அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் தனக்குக் கிடைத்ததாகவும் சொல்லிவிட்டார். படையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அவரைப் போலி என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் அரசியல்வாதிகளில் பெரும்பாலோர் அந்த ரகம் இல்லை. படையில் இருந்திருப்பார்கள். பத்தை நூறாக்கியிருப்பார்கள். அமெரிக்க அரசியல்வாதி ரிச்சர்ட் புளூமெந்தாலை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயப் படைச்சேர்ப்பிலிருந்து ஐந்து முறை ஒத்திவைப்பு வாங்கியபின் 1970-இல் மரீன் ரிசர்வில், அதாவது துணைப்படையில், சேர்ந்தார். வியட்நாமுக்குப் போகவில்லை. பின்னாளில் மேடையில் பேசும்போது, தான் வியட்நாமில் பணியாற்றிய காலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 2010-இல் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது. சில சொற்கள் தவறி விழுந்துவிட்டன என்றார். அந்த ஆண்டே கனெக்டிகட்டில் செனட் தேர்தலில் ஜெயித்தும் விட்டார். அவர் ‘வியட்நாம் காலத்தில்’ என்று சொல்லியிருந்தால் உண்மை. ‘வியட்நாமில்’ என்றதால் பொய். நம் தமிழில் பார்த்தால் முழுப் புளுகும் ஓர் ஏழாம் வேற்றுமை உருபுக்குள் உட்கார்ந்திருக்கிறது! இவரைப் போலி வீரர் என்றால் அவர் ரிசர்வில் இருந்த ஆறு வருஷத்தைக் காட்டி நம் வாயை அடைத்துவிடுவார்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், வேறு விதமாக. என் மாமா 1985-இல் சேர்ந்து 2002-இல் ஓய்வுபெற்றவர். ஒரு குடியரசு தினத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். மாமா அயர்ன் பண்ணிய சட்டையில் இரண்டு மெடலையும் குத்திக்கொண்டு போனார். தொகுத்து வழங்கிய ஆசிரியர் உற்சாகத்தில், “கார்கில் போரிலே எதிரியைப் புறமுதுகு காட்டி ஓடச் செய்த நம் மண்ணின் மைந்தர்” என்று முழங்கினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாமா மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமிவிட்டு, “நான் கார்கில் சமயத்துல பட்டாளத்துல இருந்தேன். கார்கில்ல இல்ல. ஜபல்பூர்ல ஆர்டினன்ஸ் டிப்போவுல ஸ்டோர் பாத்தேன்” என்றார். ஆசிரியர் முகம் விழுந்துவிட்டது. பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் அதற்கும் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது பைக்கில் அவர் கேட்ட ஒரே கேள்வி: “ஸ்டோர்ல இருந்தேன்னு சொன்னது கொறச்சலா போச்சோ மாப்ள?”

அந்த இரண்டு மெடலையும் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒன்று சுதந்திரப் பொன்விழா மெடல். 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த அத்தனை பேருக்கும் உண்டு. இன்னொன்று ஒன்பது ஆண்டு சேவை மெடல். இரண்டுக்கும் சண்டைக்கும் சம்பந்தம் இல்லை. கார்கிலுக்கே ஆபரேஷன் விஜய் ஸ்டார் என்று ஒன்று, ஆபரேஷன் விஜய் மெடல் என்று ஒன்று. ஸ்டார், போர்ப் பகுதியில் நின்றவர்களுக்கு. மெடல், அந்த நடவடிக்கைக்காகத் திரட்டப்பட்ட இன்னும் பரந்த கூட்டத்துக்கு. பரம்வீர் சக்ரா இவை எல்லாவற்றுக்கும் எங்கேயோ மேலே; இதுவரை 21 பேருக்குத்தான். நம் செய்தித்தாள்கள் இந்த எல்லாவற்றையும் ‘பதக்கம்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகின்றன. சட்டையில் நாலு தொங்கினால் நாலு சண்டை என்று ஊர் நினைக்கிறது. பொய் சொல்கிறவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? வீரப்பதக்கம், பணிப்பதக்கம் என்று பிரித்து எழுதும் பழக்கத்தை நாமாவது தொடங்கலாம் என்பது என் கிளைக்கோரிக்கை.

மண்டபம் அக்கா சொன்ன ‘இரவல் வீரம்’ எனக்கு மிகவும் பிடித்தது. இரவல் நகை, இரவல் சேலை என்று வாயில் புழங்குகிற சொல். ஆனால் அக்கா, இரவல் என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும், கல்யாணம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். இங்கே யாரும் கொடுக்கவில்லை, இவர்களும் திருப்பித் தருவதாக இல்லை. மார்க் கிர்க் என்ற அமெரிக்க அரசியல்வாதி கடற்படை உளவுப் பிரிவில் ஆண்டின் சிறந்த அதிகாரி விருது தனக்குக் கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விருது கிடைத்தது அவருடைய பிரிவுக்கு. 2010-இல் மன்னிப்புக் கேட்டார். கூட இருந்தவர்களுடைய பங்கையும் தன் பையில் போட்டுக்கொண்டதை இரவல் என்றால் அவர்கள் ஒப்புவார்களா?

எனக்கு முதலில் தோன்றியது ‘பட்டாளப்புளுகு’. அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு வரிசையில் ஜம்மென்று உட்காரும். பெருமையோடு மாமாவிடம் சொன்னேன். “புளுகுனவன் கட்சிக்காரன். பேரு மட்டும் பட்டாளத்துக்கா?” என்றார். அதோடு அது செத்தது. ஏற்கனவே மிலிட்டரிக்காரர் கதை விடுவார் என்று ஊரில் கேலி உண்டு. நாமும் அதற்குக் கலைச்சொல் முத்திரை குத்த வேண்டாம்.

> பழந்தமிழ் மறவர் பூச்சூடிப் போருக்குப் போனார்கள். ‘பொய்வாகை’ என்று வைக்கலாம். பொய்வாகை சூடினார், பொய்வாகையர் என்று வினையும் பெயரும் எளிதாகக் கிளைக்கும்.

பெயர் சொல்ல விரும்பாத நண்பர் எழுதிய இது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலவாகை, தூங்குமூஞ்சி வாகை என்று மரம் செடி பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடுமோ என்று பயம். அதைவிட, வாகை வென்றவர் சூடுவது. வியட்நாமில் அமெரிக்காவுக்கு ஏது வாகை? களத்தில் இறங்கிப் பொருதவர் சூடுவது தும்பை, ஆகவே ‘பொய்த்தும்பை’ என்றால் பொருள் கச்சிதமாகப் பொருந்தும். அதோடு தும்பைப்பூ மாதிரி வெள்ளை வேட்டி சட்டை என்றாலே நம் ஊரில் யார் என்று தெரியும்! ஆனாலும் தும்பைத்திணை படிக்காதவருக்கு அடிக்குறிப்பு போட வேண்டும். அடிக்குறிப்பு கேட்கிற கலைச்சொல் கடைவரை வராது.

இனி என் முன்மொழிவு. வீரத்தை விட்டுவிடுவோம். பொய் வீரத்தைப் பற்றியது இல்லை, பணிக்குறிப்பைப் பற்றியது. எங்கே இருந்தார், எப்போது, என்ன வேலை, என்ன கிடைத்தது. பட்டாளத்திலிருந்து வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் நாலு வரியில் இருக்கிற விஷயம். அதை என்ன செய்கிறார்கள்? புனைகிறார்கள். புனைதல் என்றால் அலங்கரித்தல், இல்லாததைக் கட்டுதல், இரண்டும்தான். இருந்த பணிக்கு நகை போட்ட புளூமெந்தாலும் இல்லாத பணியைக் கட்டிய அல்வாரெஸும் ஒரே வினைச்சொல்லில் அடங்குகிறார்கள். ஆகவே:

படைப்பணிப் புனைவு. சூழல் தெரிந்த இடத்தில் சுருக்கமாகப் பணிப்புனைவு. 

பழைய ஆட்களுக்கும் இது பொருந்துகிறது. பின்னாளில் அமெரிக்க செனட்டரான ஜோசப் மெக்கார்த்தி இரண்டாம் உலகப்போரில் பசிபிக்கில் மரீன் உளவு அதிகாரியாக இருந்தார். ஊருக்கு வந்து தன்னை விமானத்தின் வால் துப்பாக்கிக்காரர் ஆக்கிக்கொண்டார். கப்பல் நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது புதியவர்களைக் கலாய்க்கிற சடங்கில் கால் எலும்பு முறிந்ததைப் போர்க்காயம் என்றார். கீழக்கரைக் கப்பல்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். இங்கே பணியும் உண்மை, காயமும் உண்மை. புனைவு நடுவில் இருக்கிறது.

சட்டத்துக்கு வேறு சொல் வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அல்வாரெஸ் வழக்கில் 2012-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், இப்படிப் பொய் சொல்வதையே குற்றமாக்கிய சட்டத்தைத் தள்ளியது. 2013-இல் வந்த புதுச் சட்டம், பணமோ பொருளோ வேறு பலனோ பெறும் நோக்கத்தோடு சொன்னால்தான் குற்றம் என்கிறது. அதற்கு ‘ஆதாயப் பணிப்புனைவு’ எனலாம். ஓரிகனில் வெஸ் கூலி என்ற அரசியல்வாதி சிக்கியது இன்னொரு வழியில். வாக்காளர்களுக்கு அரசு அச்சிட்டுத் தரும் கையேட்டில் கொரியாவில் சிறப்புப் படையில் இருந்ததாக எழுதிவிட்டார், 1997-இல் தண்டனை. மேடைப்பேச்சு காற்றோடு போகும், தாள் நிற்கும். இதை ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நம் நாட்டில் பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவு (பழைய இ.பி.கோ. 140) உடுப்பையும் அடையாளத்தையும் பற்றியதுதான். படைவீரர் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எண்ணம் முக்கியம். இல்லாவிட்டால் பட்டாள உடுப்பு மாதிரிப் பச்சைப் புள்ளிச் சட்டை போட்டு வல்லத்தில் வலை ஏற்றுகிற எங்கள் ஊர்ப் பையன்கள் பாதிப் பேரை உள்ளே தள்ள வேண்டும். இதற்கு ‘படையுடுப்பு ஆள்மாறாட்டம்’ போதும். புனைவோடு குழப்ப வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சில வருஷம் முன்பு எங்கள் பக்கத்தில் ஒரு வேட்பாளர் அதே புள்ளிச் சட்டையில் பேனர் வைத்தார். ‘எல்லையைக் காத்த கரங்கள்’ என்று கீழே எழுத்து. அவர் கல்லூரி என்.சி.சி. சான்றிதழை லேமினேட் பண்ண என்னிடம்தான் வந்தார். காத்த எல்லை எது என்று நான் கேட்கவில்லை. முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

அன்புடன்,
உச்சிப்புளியிலிருந்து

---

மறு: மறு: மறு: ‘வீரத்திருட்டு’ – சரியான சொல் எது?

தம்பி, இரவலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். புனைவு சரி. ஆனால் உங்கள் மாமா மைக்கை வாங்காமல் உட்கார்ந்தே இருந்திருந்தால்? பொய் சொன்னது ஆசிரியர். இவர் ஒன்றும் புனையவில்லை, சும்மா மாலையை வாங்கிக்கொண்டார். அதற்கு என்ன சொல்?
– மண்டபம்

---

அக்கா, நானும் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றேன். ‘புனைவேற்பு’ சரிவருமா? பிறர் புனைந்ததைத் திருத்தாமல் ஏற்றுக்கொள்வது. பேனர்க்காரர் அப்படித்தான் தப்பிப்பார், “பசங்க அடிச்சு வச்சுட்டாங்க” என்பார்.
– உச்சிப்புளி

---

புனைவேற்பு நன்று. பொய்த்தும்பையை விட மனமில்லை. தலையங்கம் எழுதுகிறவர்களுக்கு என்று அடைப்புக்குறிக்குள்ளாவது வைத்திருங்கள்.

அகராதியில் ஏற்றும்போது ஒற்றைக் கவனியுங்கள். ‘பணி புனைந்தார்’ என்பதில் ஒற்று மிகாது, ‘பணிப்புனைவு’ என்பதில் மிகும். நகை திருடினான், நகைத்திருட்டு மாதிரி. கடைசியில் திருட்டை இலக்கணத்திலாவது உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.
– தொண்டி