மலிதாவும் கதவடைப்பும்: பெனே இஸ்ரேல் மக்களின் பண்டிகைகள் யூதப் பண்டிகைகள்தானா?

தாணேவாசி:

மும்பைக்குப் பக்கத்தில் தாணேயில் வளர்ந்தவன் நான். எங்கள் கீழ்வீட்டில் ஒரு பெனே இஸ்ரேல் குடும்பம் இருந்தது. கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து, மராத்தியே தாய்மொழியாகிவிட்ட யூதர்கள். முன்னோர்களுக்குச் செக்காட்டுவது தொழில். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவார்களாம். அதனால் ஊரார் வைத்த பேர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர்.

போன வாரம் அந்த வீட்டுப் பெண் புதுவீட்டுக்குக் குடிபோனாள். மலிதா வைத்தார்கள். ஊறிய அவலில் தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து தட்டில் குவித்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, எலியா தீர்க்கதரிசியை அழைத்து எபிரேயத்தில் பாடினார்கள். என்கூட வந்த நண்பர் படியிறங்கும்போது, "இது நம்ம வீட்டுப் பூஜைதானே, பேர்தான் வேற" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன், இரவல் வாங்கிய சடங்காக அது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஏட்டுச்சுவடி:

உங்கள் நண்பர் சொன்ன விதம் சரியில்லை. ஆனால் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்த பண்டிகைப் பட்டியலைப் பாருங்கள். எஸ்தர் ராணி யூதர்களை அழிவிலிருந்து காத்ததைக் கொண்டாடும் பூரிமுக்கு 'ஹோளிப் பண்டிகை' என்று பேர். எஸ்தர் ராணி எங்கே? பாவமன்னிப்பு வேண்டி நோன்பிருக்கும் யோம் கிப்பூருக்குக் 'கதவடைப்புப் பண்டிகை'. பாவமன்னிப்பு எங்கே? எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியதைக் கொண்டாடும் பெசாக், அதாவது பஸ்கா, 'புளிப்பு ஜாடியை மூடும் பண்டிகை'. எகிப்தும் செங்கடலும் எங்கே? எபிரேய ஆப் மாதம் 9ஆம் நாள், எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்து யூதர்கள் தரையில் உட்கார்ந்து புலம்பும் நாள். அது இவர்களிடம் 'பிர்டாப் பண்டிகை'. பிர்டா என்பது முளைகட்டிய மொச்சையில் வைக்கும் குழம்பு.

ஏமனில் ஒரு சிற்றூரிலும் போலந்தில் ஒரு சிற்றூரிலும் ஒரே வாரத்தில் தோராவின், அதாவது மோசேயின் ஐந்து நூல்களின், ஒரே பகுதியைப் படித்தார்கள். அவ்வளவு தூரம் சிதறியும் ஒரே மக்களாக நின்றது அதனால்தான். நூல் கைவிட்டுப் போனால் மிஞ்சுவது சமையல். அந்த மக்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மறதியை மரபு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கயல்விழி:

அண்ணா, அதே பட்டியலை நான் வேறு மாதிரி படிக்கிறேன்.

கதவடைப்பு என்றால் என்ன? அந்த நாள் முழுக்க வெள்ளை உடுத்தி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், வெளியார் யாரோடும் பேச்சில்லாமல் வீட்டுக்குள் இருப்பது. கையில் பிரார்த்தனை நூல் இல்லை, வழிகாட்ட ரபி என்னும் மதகுரு இல்லை. அப்படியும் சரியான மாதத்தில் சரியான நாளில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். புளிப்பு ஜாடியும் அப்படித்தான். பெசாக்கின்போது புளித்த மாவு வீட்டில் இருக்கக் கூடாது என்பது தோராவின் கட்டளை. எகிப்தின் கதை மங்கிவிட்டது, உண்மைதான். ஆனால் 'இந்த நாட்களில் புளிப்பைத் தொடாதே' என்பதை அடுப்படியில் நின்ற பெண்கள் விடவில்லை. நூலே இல்லாத வீட்டில் கட்டளையை எங்கே எழுதிவைப்பார்கள்? ஜாடியின் வாயில்தான்.

அப்புறம் எலியா. பெசாக் விருந்தில் அவருக்கென்று ஒரு கிண்ணம் திராட்சரசம் ஊற்றி வைப்பது, விருத்தசேதனத்தின்போது அவருக்கென்று ஒரு நாற்காலி போடுவது, சப்பாத் என்னும் சனிக்கிழமை ஓய்வுநாள் முடிந்ததும் அவரைப் பாடுவது, இதெல்லாம் ஐரோப்பிய யூதரிடமும் உண்டு. மலிதாவில் அழைக்கப்படுபவரும் அவரேதான். தட்டில் இருப்பது மட்டும்தான் கொங்கணத்து அவல்.

இரவல் பற்றிப் பேசுவதென்றால் எல்லாவற்றையும் பேசுவோம். எபிரேய மாதப் பெயர்களே பாபிலோனிலிருந்து வந்தவை. தம்மூஸ் என்பது ஒரு பாபிலோனிய தெய்வத்தின் பேர். எசேக்கியேல் தீர்க்கதரிசி அந்தத் தெய்வ வழிபாட்டைக் கண்டித்தும், மாதம் அந்தப் பேரோடுதான் நிற்கிறது. பெசாக் விருந்தில் சாய்ந்து உட்கார்ந்து குடிப்பது கிரேக்க, ரோமானிய விருந்து வழக்கம். கடைசியில் உண்ணும் துண்டுக்கு அஃபிகோமன் என்று பேர், அது கிரேக்கச் சொல். ஹனுக்கா என்னும் விளக்குப் பண்டிகைக்குச் சுடும் உருளைக்கிழங்கு அடைக்குக் கிழங்கே அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. அதையெல்லாம் யாரும் இரவல் என்பதில்லை. அவலைப் பார்த்தால் மட்டும் ஏன் சந்தேகம் வருகிறது?

ஏட்டுச்சுவடி:

கதவடைப்பு பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். நான் பேரை மட்டும் பார்த்துவிட்டேன்.

ஆனால் பெசாக் விருந்து பற்றிய வாதம் எனக்குத்தான் துணை நிற்கிறது. கிரேக்க விருந்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 'இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது?' என்ற கேள்வியை அதற்குள் வைத்தார்கள், எகிப்திலிருந்து வெளியேறிய கதையைச் சொல்லியே ஆகவேண்டும் என்றார்கள், எத்தனை கிண்ணம் என்பதுவரை மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பில் எழுதிவைத்தார்கள். வெளியிலிருந்து எடுத்ததைத் தன் வசப்படுத்துவது அது. ஹோளியின் பேரைப் பூரிமுக்கு வைத்துவிட்டு எஸ்தரை விட்டுவிடுவது அப்படியில்லையே, அம்மா.

ரஃபீக்:

ஒரு சின்னத் தகவல். கெஹிம்கர் பட்டியலிலேயே எலூல் மாத நோன்புக்கு 'ரம்ஜான்' என்று பேர் இருக்கிறது. எலியாவின் நாளுக்கு, தர்கா விழாவைக் குறிக்கும் 'உரூஸ்' என்ற பேர். மலிதா என்ற சொல்லே பாரசீகம், தர்காக்களிலும் அந்தப் பேரில் இனிப்பு வைப்பதுண்டு. நோன்பு என்ற ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் புரியவைக்க அவனுடைய சொல்லைத்தானே சொல்லியாக வேண்டும்? என் பாட்டனார் அதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தெற்குத்திசை:

இந்தச் சந்தேகத்தால் அவர்கள் பட்ட அவமானத்தை யாரும் சொல்லவில்லையே. சுதந்திரத்தின்போது இங்கே சுமார் 20,000 பேர். பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய் லோத், திமோனா, அஷ்தோத் போன்ற ஊர்களில் குடியேறினார்கள். 1960களின் தொடக்கத்தில் அங்கே திருமணத்துக்குப் போய் நின்றால், உன் தாய்வழி என்ன, பாட்டி யார் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டார்கள். தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 1964 ஆகஸ்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் அவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று சொல்ல வேண்டி வந்தது. சொந்த மக்களிடமே சான்று காட்டி நின்றவர்களிடம் நாமும் கேட்க வேண்டுமா?

ஏட்டுச்சுவடி:

அந்த வலி எனக்கும் புரிகிறது. ஆனால் ஒன்றைச் சரியாக வைத்துக்கொள்வோம். ரபிகள் அன்று எழுப்பியது விவாகரத்தும் கலப்புமணமும் பற்றிய சட்டக் கேள்வி. மலிதாவை வைத்து யாரும் தடுக்கவில்லை. நான் பேசுவதும் அவர்கள் யூதர்களா என்பதைப் பற்றியல்ல. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஒரு பண்டிகை எதனால் அந்தப் பண்டிகையாகிறது என்பதுதான் என் கேள்வி.

கயல்விழி:

அதற்கும் இஸ்ரேலிலேயே பதில் இருக்கிறது. எத்தியோப்பிய யூதர்களின் சிக்த், யோம் கிப்பூர் கழிந்து 50ஆம் நாள் மலையேறி வேண்டுவது. மிஷ்னாவிலோ அதற்கு விரிவுரையான தல்மூதிலோ அப்படி ஒரு நாள் இல்லை. 2008இல் அது அரசு அங்கீகரித்த பண்டிகையாகிவிட்டது. மொராக்கோ யூதர்களின் மிமூனா பெசாக் முடிந்த இரவு வீடு வீடாகப் போய்த் தின்பது. இப்போது நாடே கொண்டாடுகிறது. நூலில் இல்லாததும் மக்கள் விடாமல் செய்தால் பண்டிகைதான்.

தாணேவாசி:

நேற்று கீழ்வீட்டு அம்மாவிடமே கேட்டேன். பூரிம் அன்று ஜெப ஆலயத்தில் எஸ்தர் சுருளை முழுதாகப் படிக்கிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் பூரண்போளி. "என் மாமியார் அதை ஹோளி என்றுதான் சொல்வார், நான் பூரிம் என்கிறேன், போளி அதேதான்" என்றார். மலிதாவுக்கு முதலில் எல்லோரும் 'ஷெமா', அதாவது கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் தோரா வாசகம், சொல்லியாக வேண்டும், அது இல்லாமல் தட்டில் கை வைக்கக் கூடாது என்றும் சொன்னார். எல்லாப் பிரார்த்தனையும் மறந்த காலத்தில் அவர்களிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான் என்று அவர்கள் மரபு சொல்கிறது. ஏட்டுச்சுவடி ஐயா, நீங்கள் கேட்ட நூல் அந்த அவலுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:

எஸ்தர் சுருளைப் படித்துவிட்டுப் போளி சாப்பிடுகிறார்கள் என்றால் எனக்கு வழக்கே இல்லை. ஆனால் அந்தச் சுருள் எப்படித் திரும்பி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொச்சியிலிருந்து வந்த யூத ஆசிரியர்கள் கற்றுக்கொடுத்தார்கள். மும்பையில் ஜான் வில்சன் என்ற ஸ்காட்டிஷ் பாதிரியார் எபிரேய இலக்கணத்தை மராத்தியில் எழுதினார். மதம் மாற்ற வந்தவரிடம் எபிரேயம் கற்றுக்கொண்டு, தங்கள் மதத்தை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். மாறியவர்கள் மிகச் சிலர். ஜாடியை மூடியதே போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால், அவ்வளவு பாடுபட்டு அந்த எழுத்தைத் தேடிப் போயிருப்பார்களா?